கூரையின் கீழே யார்?

பிரமிடு என்றதும் எகிப்திய மன்னர்களின் கல்லறைகளே நம் நினைவில் எழுகின்றன. ஆனால், அடி அகன்று மேலே செல்லச் செல்லக் குறுகும் அவ்வடிவத்தை ஆசியக் கண்டமும் நெடுங்காலமாக அறியும்.

ஈரானில் சோகா சன்பீல் என்னுமிடத்தில் படிப்படியாக உயரும் செங்கல் ஆலயமொன்று சிதைந்து நிற்கிறது. ஈலாம் மன்னர் உன்தாஷ் நபிரிஷா கி.மு. 13ஆம் நூற்றாண்டில் தம் தெய்வத்திற்கென எழுப்பியது அது. செங்கற்களில் தம் பெயரையும் பொறித்து வைத்தார். கி.மு. 640 அளவில் அசீரிய மன்னர் அஷூர்பனிபாலின் படை அந்நகரை அழித்தது. பெயர் செங்கல்லில் எஞ்சியிருக்கிறது. அங்கு வழிபடுவோர்தாம் இல்லை.

பழங்காலத்தோடு இந்த ஆசை ஓய்ந்துவிடவில்லை. வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் 1987இல் ரியூக்யோங் என்னும் ஹோட்டலைக் கட்டத் தொடங்கினர். கூர்மையான பிரமிடு வடிவம், 105 மாடிகள், 330 மீட்டர் உயரம். பொருளாதார நெருக்கடியால் 1992இல் பணி நின்றது. பல்லாண்டுகள் கழித்து வெளிப்புறம் முழுதும் கண்ணாடி பதித்தனர். எனினும், விருந்தினருக்காக அதன் கதவுகள் இன்னும் திறக்கப்படவில்லை.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள தெமாக் பெரிய பள்ளிவாசலின் வரலாறு வேறு. இஸ்லாம் அத்தீவில் பரவிய 15ஆம் நூற்றாண்டில், ஒன்பது வலிமார்களின் முயற்சியால் அது உருவானது என்பது அம்மக்களின் வழிவழிச் செய்தி. அதற்குக் குவிமாடம் இல்லை. அந்நாட்டுக்கே உரிய முறையில், ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுகும் மூன்றடுக்குக் கூரையை அமைத்தனர். கனமழை சரிவில் வழிந்தோட ஏற்ற அமைப்பு அது. ஈமான், இஸ்லாம், இஹ்சான் ஆகிய மூன்றையும் அவ்வடுக்குகள் உணர்த்துவதாக அங்குள்ளோர் விளக்குவர்.

கூரையை நான்கு பெருந்தூண்கள் தாங்குகின்றன. அவற்றுள் ஒன்று முழு மரமன்று. சிறு மரத்துண்டுகளை இணைத்துச் செய்தது. அதனை அமைத்தவர் சுனன் காலிஜாகா என்னும் வலியார் என்பர். சிதறிக் கிடந்த துண்டுகள் ஒன்றுகூடிப் பெருங்கூரையைத் தாங்கும் தூணாயின! ஜமாஅத் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

பலமுறை செப்பனிடப்பட்ட அப்பள்ளிவாசலில் இன்றும் ஐவேளைத் தொழுகை நடைபெறுகிறது. பள்ளிவாசல் எழுப்ப முனையும் நாம் அதன் உயரத்தையும் அலங்காரத்தையும் பற்றி நெடுநேரம் ஆலோசிக்கிறோம். பஜ்ருத் தொழுகையில் எத்தனை வரிசைகள் நிறையும் என்பதையும் சற்றே ஆலோசிப்போமாக!