'பாவூர்சத்திரம்' 8 எழுத்தா, 14 எழுத்தா? மொபைல் கீபோர்டை ஆப்கள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன?

மொபைலில் ஒரு கட்டத்தைத் தொட்டதும் திரையின் அடியிலிருந்து கீபோர்டு எழும்பி வருகிறது. சில ஆப்களில் எண்கள் மட்டும் பெரிசு பெரிசாக வரும். சிலவற்றில் போன் நம்பர் கேட்கும் இடத்தில்கூட ஏ, பி, சி, டி வந்து நிற்கும். "என் போன்தான் சரியில்ல போல" என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். ஆனால் பெரும்பாலும் கோளாறு போனில் இருப்பதில்லை. எந்தக் கட்டத்துக்கு எந்தக் கீபோர்டு வரணும் என்பதை அந்த ஆப்பை எழுதிய டெவலப்பர்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் தமிழில் பெயரும் ஊரும் எழுதுகிற ஒருவர், ஒரு விண்ணப்பத்தை முடிக்க முடியாமல் பாதியிலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீபோர்டு யாருடையது?

ஆண்ட்ராய்டு போனில் கீபோர்டு என்பது தனியாக இயங்கும் ஓர் ஆப். ஜிபோர்டு, சாம்சங் கீபோர்டு எல்லாமே அப்படித்தான். முதல் ஆண்ட்ராய்டு போன் 2008இல் வந்தபோது அதில் நிஜமான பட்டன் கீபோர்டு இருந்தது. 2009இல் வந்த ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பில்தான் திரைக் கீபோர்டு சேர்ந்தது. விரும்பிய கீபோர்டை வெளியிலிருந்து இறக்கிப் பயன்படுத்தும் வசதியும் அதிலேயே வந்தது. ஐபோனில் அந்த வசதி 2014இல், ஐஓஎஸ் 8 பதிப்பில் கிடைத்தது.

நாம் ஒரு கட்டத்தைத் தொட்டதும் ஆப், கீபோர்டுக்கு ஒரு குறிப்பை அனுப்புகிறது. "இது போன் நம்பர் கட்டம்", "இது மின்னஞ்சல்", "இது பாஸ்வேர்டு, பரிந்துரை எதுவும் காட்டாதே" என்பது போன்ற குறிப்பு அது. ஆண்ட்ராய்டில் இதற்குப் பெயர் 'இன்புட் டைப்'. ஐபோனில் 'கீபோர்டு டைப்'. வலைதளங்களில் 'இன்புட்மோட்'. மூன்றிலும் நிரலில் ஒரு வரிதான்.

அந்த ஒரு வரியின் விலை

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையை எடுத்துக்கொள்வோம். தென்காசி - திருநெல்வேலி சாலையில் இருக்கும் இந்த ஊரிலிருந்து கேரளாவுக்கும் காய்கறி போகிறது. இங்கே ஒரு வியாபாரி, வரவு செலவை மொபைல் ஆப்பில் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். தக்காளி 12.5 கிலோ. எடை என்ற கட்டத்தைத் தொடுகிறார்.

டெவலப்பர் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் முழு எழுத்துக் கீபோர்டு வரும். எண் பகுதிக்குப் போக இன்னொரு பட்டனைத் தட்டணும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. அதிகாலை ஏல நேரத்தில் ஐம்பது தடவை என்றால்?

'எண்' என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால் வேறொரு சிக்கல். ஐபோனில் 'நம்பர் பேட்' என்ற கீபோர்டில் 0 முதல் 9 வரைதான் இருக்கும், புள்ளி இருக்காது. 12.5 என்று அடிக்கவே வழியில்லை. புள்ளி வேண்டுமென்றால் 'டெசிமல் பேட்' என்று கேட்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் முழு எண்ணுக்கு ஒரு வகை, தசம எண்ணுக்கு ஒரு வகை என்று தனித்தனியாக உண்டு.

போன் நம்பருக்கும் இதே கதைதான். அதற்கென்று இருக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால்தான் கேரளா, வளைகுடா நம்பர்களின் முன்னால் வரும் கூட்டல் குறியை அடிக்க முடியும்.

'சமர்ப்பி' பட்டன் எங்கே போச்சு?

இன்னொரு பொதுவான புகார்: எல்லாவற்றையும் நிரப்பியாச்சு, ஆனால் சமர்ப்பிக்கும் பட்டனைக் காணோம். கீபோர்டுக்கு அடியில் அது மறைந்திருக்கும். கீபோர்டு வந்ததும் பக்கத்தைச் சுருக்க வேண்டுமா, மேலே நகர்த்த வேண்டுமா என்று ஆண்ட்ராய்டிடம் சொல்லி வைக்க முடியும். ஸ்க்ரோல் செய்ய வழி இல்லாத பக்கத்தில் இதைக் கவனிக்காவிட்டால், அடிக்கும் கட்டமே கண்ணில் படாது.

ஐபோனின் எண் கீபோர்டில் இன்னொரு வில்லங்கம். அதில் 'ரிட்டர்ன்' பட்டன் கிடையாது. அடித்து முடித்த பிறகு கீபோர்டை எப்படி மூடுவது? அதனால்தான் பல ஆப்களில் கீபோர்டுக்கு மேலே 'முடிந்தது' என்று ஒரு சின்னப் பட்டை தெரிகிறது. அதை டெவலப்பர்தான் தனியாகச் சேர்க்கணும்.

எழுத்துக் கீபோர்டின் வலது கீழ் மூலையில் இருக்கும் பட்டனையும் ஆப்பே மாற்றலாம். தேடும் இடத்தில் 'தேடு', படிவத்தில் 'அடுத்து', கடைசிக் கட்டத்தில் 'முடிந்தது' என்று வைத்தால், ஒவ்வொரு கட்டமாக விரலால் தேடித் தொட வேண்டியதில்லை.

தமிழில் அடித்தால் என்ன ஆகும்?

உண்மையான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாவூர்சத்திரம் என்பதில் எத்தனை எழுத்து? பா, வூ, ர், ச, த், தி, ர, ம். மொத்தம் 8. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் கணினிக்கு அது 14. காரணம், யூனிகோடு முறையில் 'பா' என்பது 'ப'வும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகள். 'ர்' என்பது 'ர'வும் புள்ளியும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு என்பதால் அங்கே இந்தக் குழப்பம் வருவதில்லை.

இப்போது ஓர் ஆப்பில் ஊர்ப் பெயருக்கு '10 எழுத்துக்கு மேல் கூடாது' என்று வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 8 எழுத்து ஊருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் ஆண்ட்ராய்டின் வழக்கமான நீள வரம்பு குறியீடுகளைத்தான் எண்ணும். எனவே 'பாவூர்சத்த' என்பதோடு நின்றுவிடும். அதற்கு மேல் என்ன தட்டினாலும் ஏறாது. ஐபோன் ஆப்களுக்கான ஸ்விஃப்ட் மொழியில் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்டால் நாம் எண்ணுகிற மாதிரியே 8 என்று பதில் வரும். ஆகவே ஒரே நிறுவனத்தின் ஆப் ஒரு போனில் ஊர்ப் பெயரை ஏற்று, இன்னொரு போனில் ஏற்காமல் போகவும் வாய்ப்பு உண்டு.

இதைவிட மோசமானது வடிகட்டி. "பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் மட்டும்தான் வரணும், எண்ணோ குறியோ கூடாது" என்று டெவலப்பர் நல்ல எண்ணத்தில்தான் விதி எழுதுகிறார். ஆனால் யூனிகோடு வகைப்பாட்டில் 'ப', 'த' போன்றவைதான் எழுத்து. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் 'குறி' என்ற வேறு வகை. 'எழுத்து' வகையை மட்டும் அனுமதித்தால் 'முத்து' என்று அடித்தது 'மதத' ஆகிவிடும். பாவூர்சத்திரம் 'பவரசததரம' ஆகிவிடும். சில ஆப்களில் "சரியான பெயரை உள்ளிடவும்" என்று சிவப்பில் ஒரு வரி மட்டும் வரும். சரியான பெயரைத்தானே அடித்தேன் என்று அவர் திகைத்து நிற்பார். தீர்வு சுலபம்: விதியில் 'குறி' வகையையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

தமிழ்க் கீபோர்டை ஆப்பே வரவழைக்க முடியுமா?

கேட்டுப் பார்க்கலாம். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், "இந்தக் கட்டத்தில் தமிழ் எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஆப் கீபோர்டுக்குச் சொல்ல வழி இருக்கிறது. போனில் தமிழ்க் கீபோர்டு ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தால், கீபோர்டு தானாகத் தமிழுக்கு மாறலாம். மாறியே தீரணும் என்ற கட்டாயம் கிடையாது. ஐபோனிலும் ஒரு கட்டத்துக்கு விருப்ப மொழி எது என்று சொல்லும் வழி உண்டு.

போனில் தமிழ் அடிக்கும் வசதி ஒரே நாளில் வந்ததல்ல. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாக 'தமிழ்99' விசைப்பலகையைத் தமிழக அரசு அங்கீகரித்தது. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும் வசதி அதன் சிறப்பு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005இல் 'செல்லினம்' மூலம் சாதாரண மொபைல்களிலேயே தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தார். 2013இல் ஐஓஎஸ் 7 பதிப்பில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் ஐபோனுக்குள்ளேயே வந்துவிட்டன. 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது.

ஆக, இன்று தமிழ் அடிக்கத் தெரியாதது பிரச்சினை இல்லை. அடித்ததை ஆப் ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

பின் நம்பருக்கு மட்டும் ஏன் தனிக் கீபோர்டு?

யுபிஐ மூலம் பணம் அனுப்பும்போது கவனித்திருப்பீர்கள். எந்த ஆப்பாக இருந்தாலும் பின் நம்பர் கேட்கும் பக்கம் மட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அது தேசிய கொடுப்பனவுக் கழகம் தரும் நிரலிலிருந்து வருகிறது. அங்கே நம்முடைய வழக்கமான கீபோர்டுக்கு வேலை இல்லை. எண் பட்டன்களைத் திரையே வரைந்து காட்டுகிறது.

காரணம் பாதுகாப்பு. வெளியிலிருந்து இறக்கிய கீபோர்டு நாம் அடிக்கும் எல்லாவற்றையும் பார்க்க முடியும். புதுக் கீபோர்டைச் சேர்க்கும்போது ஆண்ட்ராய்டே இதை எச்சரிக்கிறது. ஐபோனில் பாஸ்வேர்டு கட்டங்களில் வெளிக் கீபோர்டுகள் தானாக விலக்கப்பட்டு, ஆப்பிளின் கீபோர்டு வந்துவிடும். 'இங்கே அடிப்பதைக் கற்றுக்கொள்ளாதே' என்று கீபோர்டுக்குச் சொல்லும் வசதி ஆண்ட்ராய்டு 8 முதல் உண்டு.

ஆனால் எல்லா ஆப்பும் சொந்தமாகக் கீபோர்டு வரைய ஆரம்பித்தால் அதுவும் சிக்கல்தான். பார்வையற்றோர் பயன்படுத்தும் டாக்பேக் போன்ற திரை வாசிப்பான்களுக்கு அந்தப் பட்டன்கள் புரியும்படி செய்யாவிட்டால், அவர்களால் ஒரு பைசாகூட அனுப்ப முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

பயனர்கள்: போன் செட்டிங்ஸில் மொழி, கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிபோர்டில் ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் மொழி மாற்றலாம். அடிக்கச் சிரமமாக இருந்தால் மைக்கைத் தட்டிப் பேசலாம். யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து கீபோர்டு ஆப் எதையும் இறக்க வேண்டாம்.

டெவலப்பர்கள்: கீபோர்டு வகையைக் குறிப்பிடுவது ஒரு வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் எழுத்தும் உள்ளே வந்துவிடும். எனவே வந்த தகவலைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். நீள வரம்பு வைத்தால் குறியீடுகளை எண்ணாமல், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணுங்கள்.

மென்பொருள் வேலை இப்போது சென்னை, பெங்களூருவோடு நிற்பதில்லை. தென்காசி பக்கத்து மத்தளம்பாறையிலேயே ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் ஆப் எழுதக் கற்கிறார்கள். ஆப்பை வெளியிடும் முன் அவர்கள் செய்ய வேண்டிய சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அப்பா பெயரையும் சொந்த ஊர்ப் பெயரையும் தமிழில் அடித்துப் பார்க்கட்டும். அவை புள்ளி குறையாமல் அப்படியே சேமிப்பானால், மற்றவர்களின் பெயர்களும் பெரும்பாலும் தப்பித்துவிடும்.