அகழாய்வுத் தரவு: காத்தலும் வழங்கலும்

ஏட்டுச்சுவடி ஒன்றைப் பதிப்பிப்பார், தாம் கொண்ட பாடத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு மூலச்சுவடியை நெருப்பிலிடுவாராயின், அறிஞருலகம் அவரைப் பொறுக்குமோ? அகழாய்வாளர் நிலை ஏறத்தாழ அத்தகையதே; ஆயின் அஃது அவர் வேண்டிச் செய்வதன்று. ஒருமுறை அகழ்ந்த மண்ணடுக்கு மீள்வதில்லை. எஞ்சுவன பொருள்களும், அவை கிடந்த ஆழம், அடுக்கு, சூழல் ஆகியவற்றைக் குறித்த பதிவேடுகளும், வரைபடங்களும், நிழற்படங்களுமேயாம். இப்பதிவுகளையும் அறிவியற் சோதனை முடிவுகளையும் சேர்த்தே 'தரவு' என ஈண்டுக் குறிக்கின்றோம்.

சங்க இலக்கியத்தின் காலம்பற்றி எழுதுவார்க்கு இது புறத்துறைச் செய்தியன்று. கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்திற் கிடைத்த மாதிரி ஒன்று கி.மு. 580ஆம் ஆண்டிற்கு உரியதெனத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நூல் கூறியது. அதனை எடுத்தாளும் நம் துறையார் பெரும்பாலும் அவ்வாண்டை மட்டும் கொண்டனர்; ஆழமும் மாதிரியும் விடுபட்டன.

கரிமம் 14 முறையில் ஆய்வகம் அளந்து தருவது நாட்காட்டி ஆண்டன்று. மாதிரியில் எஞ்சிய கரிமத்தின் அளவுகொண்டு, 'இற்றைக்கு இத்தனை ஆண்டு முன்' என்றும், பிழை எல்லை இத்துணை என்றும் அது கூறும். (இவ்வழக்கில் 'இற்றை' என்பது 1950ஆம் ஆண்டு, இதனை அறியாதார் நடப்பாண்டினின்று கழித்து இடர்ப்படுவர்.) அவ்வளவை மரவளையம் முதலியவற்றால் அமைந்த திருத்த வளைகோட்டிற் பொருத்திய பின்னரே நாட்காட்டி ஆண்டு புலப்படும். வளைகோடும் மாறுவதே, வடகோளத்திற்குரியது 2020இல் புதுக்கப்பெற்றது. மேலும், ஏறத்தாழக் கி.மு. 800 முதல் 400 வரையுள்ள பகுதியில் அது பெரிதும் சமனாகக் கிடக்கின்றது. 2450 ஆண்டு முற்பட்டதென அளக்கப்பெறும் மாதிரி, கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்கும் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடையே எங்கும் அமையலாம். தமிழகத் தொன்மைபற்றிய வழக்குகள் பெரிதும் நிகழ்வது இப்பகுதியிலேயே! இங்குத் தனியாண்டு ஒன்றைச் சுட்டுதல், பாடவேறுபாடுகளை மறைத்து ஒரு பாடத்தையே காட்டுதல் போலும்.

ஆய்வக எண், அளந்த ஆண்டு, பிழை எல்லை, மாதிரி கரியா விதையா என்பது, கிடந்த அடுக்கு, பயன்கொண்ட வளைகோடு ஆகியன ஒருங்கே வெளிவந்தாலன்றிப் பிறர் மீளக் கணித்தல் இயலாது. முதுமரத்து உள்வயிரத்தின் கரி, அது எரிந்த காலத்தினும் மூத்த ஆண்டைக் காட்டுமாதலின் மாதிரியின் இயல்பும் வேண்டப்படும்.

அறிவியல் தரவுகள் கண்டறியத்தக்கனவாய், அணுகத்தக்கனவாய், ஏனைத் தரவுகளோடு இயையத்தக்கனவாய், மீண்டும் பயன்படுத்தத்தக்கனவாய் இருத்தல் வேண்டுமென 2016இல் வெளியான 'ஃபேர்' நெறிகள் கூறும். இறுதியதே எமக்குத் தலையாயதாகத் தோன்றுகின்றது. படமாக்கி வெளியிட்ட அட்டவணை காண்பார்க்கு உதவும், கணிப்பார்க்கு உதவாது.

இனி, எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்துவிடுதலே அறமாகுமோ எனின், ஆகாது. காவலற்ற ஈமக்காட்டின் இருப்பிடத்தை நுண்ணளவிற் குறித்து வெளியிடின், முதலிற் பயன்கொள்வார் பொருள் கவர்வாராதல் கூடும். கீழடியை அடுத்த கொந்தகையில் முதுமக்கள் தாழிகளினின்று மனித எலும்புகளும் கிடைத்துள்ளன. அத்தகைய எலும்பினின்று பெறும் மரபணுத் தரவு இறந்தாரைப் பற்றியதாயினும் இருப்பாரையும் தொடும். அதன்மேற் சாதிப்பெருமை கட்டுவார் எளிதில் தோன்றுவர். தொல்குடி மக்களின் தரவுரிமை குறித்து 2019இல் எழுந்த 'கேர்' நெறிகள் கூட்டுப்பயன், ஆளுமுரிமை, பொறுப்பு, அறம் என நான்கனை வற்புறுத்தின. தொல்குடிகளை நோக்கி எழுந்த அவற்றை நம் ஊரார்க்கு அவ்வாறே பொருத்தலாமோ என்பது தனியே ஆராயத்தக்கது. எனினும், இருப்பிடத்தை வட்டார அளவிற் குறித்து, நுண்ணளவை வேண்டும் ஆய்வாளர்க்கு மட்டும் வழங்குதல் முறையே. மறைத்தது இன்னதென்றும் இன்ன காரணத்தானென்றும் அறிக்கையிற் கூறிவிடுதல் வேண்டும். காலக்கணிப்பின் அளவைகளை மறைத்தற்கு அத்தகைய காரணம் யாதும் இல்லை.