புள்ளலூர்ப் போர் ஓவியம்: அழிவின் தொடரமைப்பு

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியிலுள்ள சீரங்கப்பட்டணத்தில் 1784இல் திப்பு சுல்தான் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் தீட்டப்பட்டுள்ளது. காஞ்சிபுரத்தை அடுத்த அவ்வூரில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். (ஆங்கில ஆவணங்களின் 'பொள்ளிலூர்' தமிழிலும் அப்படியே எழுதப்படுவது வருந்தத்தக்கது, பல்லவர் செப்பேட்டிலேயே இடம்பெற்ற ஊர் அது.)

இவ்வோவியம் அழிவைப் பிணக்குவியலால் அன்றி அமைப்பாலேயே உணர்த்துகிறது எனலாம். சிவப்புச் சட்டை அணிந்த கும்பெனி வீரர்கள் சதுர வியூகமாக நிற்கின்றனர். ஒரே உடை, ஒரே நிலை, ஏறத்தாழ ஒரே முகம் வரிசை வரிசையாகத் திரும்ப வருகின்றன. மொழியில் அடுக்குத்தொடர் ஆற்றும் பணியை இங்கு உருவங்கள் ஆற்றுகின்றன. அவ்வொழுங்கினுள்ளே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. காயமுற்ற பெய்லி பல்லக்கில் இருக்கிறார். வெளியிலிருந்து மைசூர்க் குதிரைப்படை பாய்கிறது. ஒழுங்கு இறுக்கமாக இருப்பதனாலேயே அதன் உடைவு பெரிதாகத் தோன்றுகிறது.

ஓவியத்தில் இவை யாவும் ஒருங்கே நிகழ்கின்றன. இதனை விவரிக்கும் வாக்கியமோ ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்தாக வேண்டும். 'அணி உடைந்தது' என்பது தன்வினை. 'அணியை உடைத்தனர்' என்பது பிறவினை. வெடிப்பை முற்கூறி 'உடைந்தது' என முடித்தால் தோல்வி விபத்தாகிவிடும். குதிரைப்படையை முற்கூறி 'உடைத்தனர்' என்றால் அது வெற்றியாகும். பிக்காசோ 1937இல் வரைந்த 'குவெர்னிக்கா'வில் தாக்குவோர் எவருமிலர்; அதற்குத் தன்வினை பொருந்தும். இங்கோ வினைமுதல்வர் யானைமேல் வெளிப்படையாக வீற்றிருக்கின்றனர். எனவே பிறவினையே ஓவியத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

இன்று நாம் காண்பது முற்றிலும் 1784ஆம் ஆண்டின் தூரிகை அன்று. 1799இல் நகர் வீழ்ந்தபின் ஆர்தர் வெல்லெஸ்லி இதனைப் புதுப்பிக்கச் செய்தார். டல்ஹௌசி காலத்தில் மீண்டும் வண்ணம் தீட்டப்பட்டது. ஆதலின் முகக்குறிப்புகளை நம்பி வாதிடுவது இடர்மிக்கது. அமைப்புப் பற்றி அத்தகைய ஐயம் குறைவு. பத்துத் தாள்களில், ஏறத்தாழ 32 அடி நீளத்தில் அமைந்த காகித வடிவம் ஒன்றும் இக்காட்சியைக் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பாளர் நோக்கத்தக்க இன்னொன்று உண்டு. யானைமீதுள்ள திப்பு கையில் மலருடன் காட்சியளிக்கிறார். இது முகலாய அரச உருவப்படங்களின் மரபு. 'வாகை சூடினார்' என நாம் எழுதும்போது, அவர் கையிலிருக்கும் மலரை எடுத்துவிட்டுப் புறத்திணையின் மலரை அவர் தலையில் வைத்துவிடுகிறோம்.