சிறு தொழில் வளர வழி யாது?

‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்பர். சிறு தொழில்களைப் பொறுத்தவரை இப்பழமொழி தானாகப் பலித்துவிடுவதில்லை. கோவையில் கணபதி, பீளமேடு போன்ற பகுதிகளில் பம்புசெட்டுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து தரும் பட்டறைகள் ஏராளம். அவற்றுள் பல, ஆண்டுக்கணக்கில் உழைத்தும் இரண்டு லேத்துகளோடு நின்றுவிடுகின்றன. காரணம் யாது? முதல் இல்லாமையே என்பர் சிலர். போட்ட முதல் காலத்தே திரும்பாமையே என்பது என் கருத்து.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். பட்டறைக்காரர் ஒருவர் இரும்பு, கூலி, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் போடுகிறார். 45 நாளில் பணம் வந்தால் அந்த ஒரு லட்சம் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 முறை சுழலும். 120 நாளானால் 3 முறைதான் சுழலும். அதே இயந்திரம், அதே ஆள். வேலையோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது. எங்கள் தந்தையாரின் பட்டறைக் கணக்கை எழுதுபவன் நான். பெரிய நிறுவனம் ஒன்றில் பில் ஐந்து மாதம் நின்றதால், மூன்றாவது லேத் வாங்கும் எண்ணத்தையே அவர் கைவிட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால், வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. ஆனால் வழக்கிட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற அச்சம் பட்டறைக்காரரின் வாயை அடைத்துவிடுகிறது.

எனவே, வழக்கின்றிப் பணம் வரும் வழிகளே பயன் தருவன. 2017 முதல் இயங்கும் ‘டிரெட்ஸ்’ சந்தையில், வாங்கியவர் ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலத்தில் எடுத்து, வட்டி கழித்து உடனே பணம் தருகின்றன. மேலும், குறித்த நாளில் தராத தொகையைக் கொடுத்துத் தீர்க்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலாதபடி, 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வகை செய்தது.

ஒரு குறை மட்டும் நிற்கிறது. 45 நாள் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கே உரியது. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்தின் வரம்பு முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி ரூபாய். அதைத் தாண்டி நடுத்தர நிறுவனமானால் மூன்று ஆண்டுகளுக்குப் பின் பாதுகாப்பு போய்விடும். செடி மரமாகுமுன்னே வேலியைப் பிடுங்குவது முறையன்று. மேலும் சில ஆண்டுகளேனும் அதை நீட்டித்தல் வேண்டும்.

நண்பர்களே! நம்மில் சிலர் நாளை பில்லுக்கு ஒப்பமிடும் நாற்காலியில் அமரக்கூடும். அந்தத் தாளில் ஒரு பட்டறையின் மூன்றாவது லேத்தும், அதில் நிற்கப்போகும் ஒரு தொழிலாளியின் வேலையும் அடங்கியுள்ளன என்பதை மறவாதிருப்போம்.