டாலர் கடல் தாண்டுவதில்லை

களமருதூர் வட்டாரத்துக்கு வெளிநாட்டுப் பணம் புதிதல்ல. மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்புவான், அப்பா பேங்க்கில் எடுப்பார். ஆனால் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் தேக்கில் பிள்ளையார் செய்யச் சொல்லி முன்பணம் அனுப்பினால் கணக்கே வேறு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால், சிற்பிகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலில், டாலர் எங்கும் நகர்வதில்லை. நகர்வது வெறும் செய்தி. அதைச் சுமக்கும் வலைப்பின்னல் ஸ்விஃப்ட்; வங்கிகள் கூடி 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. நம் வங்கிக்கு வெளிநாட்டு வங்கியில் ஒரு கணக்கு இருக்கும். வாடிக்கையாளரின் பணம் அங்கே வரவாகும், அதற்கு ஈடான ரூபாய் இங்கே சிற்பியின் கணக்கில் ஏறும். நடுவில் ஏதாவது ஒரு வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதனால் கட்டணம் யார் பொறுப்பு என்று விலை பேசும்போதே பேசிவிட வேண்டும்.

ஸ்விஃப்ட் குறியீட்டில் 8 அல்லது 11 எழுத்துகள். முதல் நான்கு வங்கி, அடுத்த இரண்டு நாடு, அதற்கடுத்த இரண்டு ஊர்; கடைசி மூன்று இருந்தால் கிளை. சிற்றூர்க் கிளைகளுக்குப் பெரும்பாலும் தனிக் குறியீடு இருக்காது. எதைத் தர வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது நோக்கக் குறியீட்டில். பணம் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும். மகன் குடும்பச் செலவுக்கு அனுப்பினால் பி1301. ஏற்றுமதிக்கான முன்பணம் பி0103. அவசரத்தில் முதலாவதைச் சொல்லிவிட்டால் ரூபாய் வந்துவிடும், ஆனால் ஏட்டில் அது வியாபார வருமானமாக நிற்காது. பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

யூபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் 2023 பிப்ரவரியில் இணைத்தார்களே என்று கேட்கலாம். அது தனிநபர்கள் பணம் அனுப்புவதற்கு, கடைக்கு அல்ல. பேபால் 2021 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டுப் பணத்தை வாங்கித் தருகிறது. கார்டில் வாங்குவது சுலபம்தான். ஆனால் சிலை போய்ச் சேர்ந்த பிறகும் வாங்கியவர் புகார் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெற முயலலாம். பெரிய சிலைக்கு வங்கி வழிதான் என் தேர்வு.

இதற்கெல்லாம் முன்னால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு எண் வேண்டும். பான் கார்டை வைத்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். சிறு சிலைகளை அனுப்பத் துறைமுகம் வரை அலைய வேண்டியதில்லை, அஞ்சல் துறையே ஏற்றுமதி மையங்களை நடத்துகிறது.