வேலியை வெட்டும் முன் தேவாங்கு இருக்கிறதா பாருங்கள்

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்கு என்ற பெயரைக் கேட்காத விவசாயி இருக்க மாட்டார். மெலிந்த ஆளைக் கேலி செய்ய இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறோம். நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு. பகல் முழுவதும் புதருக்குள் பந்துபோல் சுருண்டு தூங்கி, இருட்டிய பிறகு இரை தேடக் கிளம்பும் விலங்கு அது. கால் கிலோ எடைதான் இருக்கும். வால் கிடையாது. டார்ச் வெளிச்சம் பட்டால் இரண்டு கண்களும் தணல்போல் மின்னும்.

தேவாங்குக்கென நாட்டிலேயே முதல் சரணாலயம் 2022 அக்டோபரில் இங்குதான் அறிவிக்கப்பட்டது. கரூர் மாவட்டம் கடவூர் வட்டத்திலும், திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களிலுமாக 11,806 ஹெக்டேர் காடு இதில் அடங்கும். ஆனால் காட்டின் எல்லைக்கல் தேவாங்குக்குத் தெரியாது. கரட்டை ஒட்டிய தோட்டத்து வேலிகளும் புளிய மரங்களும் வேல மரங்களும் அதற்குக் காட்டின் தொடர்ச்சிதான்.

தேவாங்குக்குக் குரங்குபோல் தாவத் தெரியாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டே அடுத்த கிளையை எட்டிப் பிடித்து, மெதுவாகத்தான் நகரும். கிளைகள் தொடர்ந்து இருந்தால்தான் அதற்கு வழி. கிளுவை, கள்ளி, வேலாமரம் கலந்த பழைய உயிர்வேலி அப்படி ஒரு பாதை. அந்த வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினால் பாதை அறுந்துபோகும். அப்புறம் அது தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். தரையில் அதற்கு வேகம் கிடையாது. நாயிடம் சிக்கும், சாலையில் வண்டியில் அடிபடும்.

அதன் முக்கிய உணவு பூச்சிகள். எறும்பு, கரையான், வண்டு, அந்துப்பூச்சி எதையும் விடாது. கூடவே வேல மரத்துப் பிசினையும் நக்கித் தின்னும். தேவாங்கு இருப்பதால் மருந்தடிப்பதையே நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் அது மிகை. ஆனால் கூலி கேட்காமல் இரவெல்லாம் பூச்சி பிடிக்கும் ஒன்றை விரட்டுவதில் நமக்கு என்ன லாபம்? பயிரை அது தொடுவதில்லை. பூச்சிக்கொல்லியை வேலி ஓரம் வரை அடித்தால் அதன் இரை போகும், விஷம் பட்ட பூச்சியைத் தின்று அதுவும் பாதிக்கப்படலாம். வேலியை ஒட்டிச் சில அடி தூரம் மருந்தடிக்காமல் விட்டால் போதும்.

இனப்பெருக்கமும் மெதுவானது. ஐந்தரை மாதம் சுமந்து ஒன்று அல்லது இரண்டு குட்டிதான் போடும். தாய் இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுப் போவதும் உண்டு. தனியாகக் கிடக்கும் குட்டியைக் கண்டால், அநாதை என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

வேலியைக் கழிக்க வேண்டிய தேவை எல்லோருக்கும் வரும். அப்போது ஒரே நாளில் நான்கு பக்கமும் வெட்டாமல், இந்த வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறுபக்கம் என்று வெட்டலாம். ஆளைக் கண்டால் தேவாங்கு ஓடாது, அசையாமல் அப்படியே இருந்துவிடும். அதனால் அடர்ந்த புதரில் அரிவாள் வைக்கும் முன் உள்ளே நன்றாகப் பார்ப்பது அவசியம். வெட்டிய முள்ளை அன்றே குவித்துக் கொளுத்தாமல் ஓரிரு இரவு விட்டால் உள்ளே ஒளிந்திருப்பது வெளியேறிவிடும்.

தேவாங்கைப் பார்ப்பது அபசகுனம், அதன் கண் வசியத்துக்கு ஆகும் என்ற பேச்சை நம்பித்தான் முன்பு ஏராளமாகப் பிடித்தார்கள். இன்று அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடித்தாலும், விற்றாலும், வீட்டில் வைத்திருந்தாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால் நாய் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். வெறுங்கையால் தூக்க வேண்டாம், கடித்துவிடும்.