நாலு நாள் வீடு – 11: திருடன் ஏறும் கிளை

பட்டா, வில்லங்கச் சான்று, வாசலுக்குப் போகும் பாதை யார் பெயரில் இருக்கிறது என்பது வரை போன வாரம் பார்த்தாயிற்று. தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் இதழை வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம், மலையில் வீடு வாங்கி நாள் வாடகைக்கு விட்டால் வரும் வருமானக் கணக்கு என்று சொல்லியிருந்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அதற்குள் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு பழைய சட்டம் கையில் சிக்கிவிட்டது.

வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு தகவல் உங்களுக்கும் வந்திருக்கும். 1867-ம் ஆண்டின் சராய் சட்டப்படி எந்த நட்சத்திர ஹோட்டலுக்குள்ளும் யார் வேண்டுமானாலும் போய் இலவசமாகத் தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம், யாரும் தடுக்க முடியாது என்று. என் மைத்துனர் அதை மூன்றாவது முறையாக அனுப்பியபோது, எரிச்சலில் சட்டத்தையே தேடிப் பிடித்து முழுசாகப் படித்தேன். இலவசத் தண்ணீர் அதில் இல்லை. கழிப்பறையும் இல்லை. மைத்துனருக்கு இதைச் சொன்னேன். ஒரு கட்டைவிரல் வந்தது. பத்து நிமிஷத்தில் அதே தகவலைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார்.

போகட்டும். தண்ணீர் இல்லாத அந்தச் சட்டத்தில் என் கொடைக்கானல் வீட்டுப் பேரிக்காய் மரம் இருந்தது. அதனால்தான் இன்னும் வருமானக் கணக்குக்கு வராமல் இருக்கிறேன்.

சராய் என்றதும் நமக்குக் கால்சராய்தான் நினைவுக்கு வரும். இது வேறு, பாரசீகத்திலிருந்து வந்த சொல். வழிப்போக்கர்களும் அவர்களுடைய குதிரை, ஒட்டகம், வண்டிகளும் ராத்தங்கிப் போகும் மதிலடைத்த கட்டடம். முகல்சராய் என்று ஒரு ரயில் சந்திப்பு இருந்ததே, 2018-ல் பெயரை மாற்றினார்களே, அந்தச் சராய். நம் ஊர்ச் சத்திரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரை ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு உருவம் பிடிபடும். சத்திரம் பெரும்பாலும் தர்மம். சராயில் காசு கைமாறும். காசு கைமாறினால் சர்க்கார் சும்மா இருக்குமா? 1867-ல் 22-வது சட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டது.

இதன் ஏழாவது பிரிவு சராய்க்காரனின் கடமைகளைச் சொல்கிறது. தொற்றுநோயாளி தங்கினாலோ, அந்த நோயில் செத்துப்போனாலோ உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அறை, தாழ்வாரம், சாக்கடை, கிணறு, குளம் எல்லாவற்றையும் மாஜிஸ்திரேட் திருப்திப்படும்படி துப்புரவாக வைக்க வேண்டும். சுவர், கதவு, வேலி, கூரை பழுதில்லாமல் இருக்க வேண்டும். ஆளுக்கும் மாட்டுக்கும் வண்டிக்கும் காவல் போட வேண்டும். கட்டணப் பட்டியலை மாஜிஸ்திரேட் சொல்லும் இடத்தில், சொல்லும் மொழிகளில் எழுதி மாட்ட வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒரு வரி. நச்சுச் செடிகொடிகளை அகற்ற வேண்டும். அத்தோடு, திருடர்கள் உள்ளே வரவோ வெளியே போகவோ தோதாக இருக்கும் மரங்களையும் கிளைகளையும் அகற்ற வேண்டும்.

கிளை! ஒரு சாம்ராஜ்யம் உட்கார்ந்து கிளையைப் பற்றி யோசித்திருக்கிறது. இந்த வரியை எழுதிய கனவான் எங்கோ ஒரு சராயில் பெட்டியைப் பறிகொடுத்தவராகத்தான் இருப்பார் என்பது என் ஊகம்.

வில்பட்டிப் பக்கம் அந்த வீட்டை நான் வாங்கியதே மரத்துக்காகத்தான். ஆடி மாதம். மாடி அறை ஜன்னலைத் திறந்தால் ஒரு முழத்தில் கிளை, கிளை நிறையப் பேரிக்காய். புரோக்கர் எட்டி ஒன்றைப் பறித்து, வேட்டியில் துடைத்து, கையில் கொடுத்தார். அதோடு பேரம் பேசும் புத்தி எனக்குப் போய்விட்டது. இந்தத் தொடரில் உங்களுக்கு எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன். அவ்வளவும் அந்தப் பேரிக்காயைத் தின்ற பிறகு வந்தது.

அடுத்த மே மாதம் முதல் விருந்தினர்கள், கோயம்புத்தூர்க் குடும்பம். பாட்டி ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்திருந்தார். விடியற்காலை ஆறு மணிக்குப் போன். "ஏனுங்க, ஆறு பேர் தங்கலாம்னு போட்டிருக்கீங்க. இப்ப பத்துப் பேர் இருக்கோமுங்க." நாலு குரங்குகள், கிளை வழியாக வந்து வெண்டிலேட்டர் வழியாக உள்ளே. அதிரசத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு ராத்திரி வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டி மட்டும் ரொம்பப் பெருந்தன்மையாக, "ஆஞ்சநேயர் சாப்பிட்டதா நெனச்சுக்கறேன்" என்றார். மகன் அப்படி நினைக்கவில்லை. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்.

வெட்டிவிட வேண்டியதுதானே என்பீர்கள். மலைப்பகுதியில் அது நம் இஷ்டம் இல்லை. மரங்களைக் காப்பதற்கென்றே 1955-ல் ஒரு சட்டம் இருக்கிறது; சொந்தத் தோட்டத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் கை வைக்க வேண்டும். எல்லா ஜன்னலுக்கும் வெண்டிலேட்டருக்கும் கம்பி வலை அடித்தேன். மலையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் தரையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தொடும் கிளை எத்தனை, வெண்டிலேட்டர் எத்தனை என்று எண்ணி, வலை அடிக்கும் செலவை விலையிலேயே கழியுங்கள். பேரிக்காய் கொடுத்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேரத்தை முடித்துவிட்டுத் தின்னுங்கள்.

சராய் சட்டத்தில் என்னைக் கிளைக்கு அடுத்தபடியாக உட்கார வைத்தது ஒரு விளக்கம். சராய்க்காரன் யார்? சொந்தக்காரன் மட்டுமில்லை, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் சராய்க்காரன்தான். திருப்பிப் போட்டால், ஆள் போட்டுவிட்டேன் என்று சொந்தக்காரன் தப்பிக்கவும் முடியாது. தவறுக்கு அபராதம் அதிகபட்சம் இருபது ரூபாய், தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ரூபாய். 1867-ல் அது கிள்ளுக்கீரைப் பணமில்லை. பதிவு செய்யப் போனால் நன்னடத்தைச் சான்றிதழ் எங்கே என்று மாஜிஸ்திரேட் கேட்கலாம், இல்லையென்றால் மறுக்கலாம். நம்மிடம் யாரும் கேட்பதில்லை. நட்சத்திரம் போட்டே முடித்துவிடுகிறார்கள்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு மலையில் வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் வீட்டைப் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. நான் தலைகீழாகச் சொல்வேன். கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வந்து நிற்கும் தூரத்தில் குடியிருக்கிற, முடிந்தால் கணவன் மனைவியாக வேலை பார்க்கிற ஆட்கள் கிடைத்தால் அட்வான்ஸ் கொடுங்கள். கிடைக்காவிட்டால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். என் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அதிகம் பேசமாட்டார். ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டுக்கு வெளியே காட்டுமாடு வந்து நின்றிருக்கிறது. வந்திருந்த பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு செல்ஃபி எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். இவர் பின்வாசல் வழியாக வந்து, "அண்ணே, லைட்டு அடிக்காதீங்க, அது பாட்டுக்குப் போயிரும்" என்று சொல்லி உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். எனக்கு மறுநாள் அந்தப் பையன்கள் சொல்லித்தான் தெரியும். அவர் இதையெல்லாம் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. ஆளுக்கும் மாட்டுக்கும் காவல் என்று சட்டம் சொன்னது இதைத்தான் என்று நேற்றுதான் உறைத்தது.

கட்டணப் பட்டியல் விஷயத்தில் அடி வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், கேம்ப் ஃபயர் விறகிலிருந்து கூடுதல் மெத்தை வரை எழுதி மாட்டிவிடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு விறகு கேட்பார்கள், காலையில் அதற்குக் காசா என்று கேட்பார்கள். ஐந்நூறு ரூபாய் விறகுக்கு ஆறாயிரம் ரூபாய் விருந்தினரை இழந்திருக்கிறேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. குணா குகையைத் தேடி வருகிற கேரளத்துப் பிள்ளைகள் கூடியதிலிருந்து மலையாளத்திலும் ஒன்று மாட்டியிருக்கிறேன். மாஜிஸ்திரேட் இருந்தால் மெச்சியிருப்பார்.

கிணறு பற்றி ஒரு வரிதான். வீட்டை மழைக்காலத்தில் பார்க்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் போய், வாரத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். விற்கிறவரைக் கேட்கவேண்டாம்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி, போலீசுக்குச் சொல்வதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோடு போயிற்றா என்று கேட்கக்கூடும் (போன மாதம் வேறு ஏதோ கேட்டிருந்தார், பதில் சொல்ல மறந்துவிட்டேன்). போகவில்லை அம்மா. வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் வந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். பெரிய ஹோட்டலுக்கு மட்டுமில்லை, இரண்டு அறை வாடகை வீட்டுக்கும் அதே விதி. வெளிநாட்டினரைப் பதிவு செய்ய 1992-ல் போட்டு 2025 வரை நடப்பில் இருந்த விதிகளில் ஹோட்டல் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் கிளப், டாக் பங்களா, பேயிங் கெஸ்ட் விடுதி என்று வரிசையாக வந்து, கடைசியில் சராய் என்ற சொல்லும் நின்றுகொண்டிருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு அதைப் பார்த்துவிட்டு மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவள் பார்த்த பார்வையை எழுத இடமில்லை. உங்கள் அத்தை மகன் கனடா பாஸ்போர்ட்டோடு வந்தாலும் படிவம் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. பலகையில் ஹோம்ஸ்டே என்று எழுதிவிட்டால் ஹோம்ஸ்டே ஆகிவிடாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் சேர ஒன்றிலிருந்து ஆறு அறை வரை இருக்கலாம். ஆனால் சொந்தக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன் என்பவர்களில் என்னையும் சேர்த்து முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சான்று கிடைக்காது. விற்கிறவர் சான்று இருக்கிறது என்றால் அது அவருக்கு, அவர் அங்கே குடியிருந்ததற்கு. பத்திரத்தோடு சேர்ந்து உங்களுக்கு வராது.

சரி, வருமானம். ஆசிரியர் அறையிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது, வரவுப் பக்கத்தையாவது எழுதிவிடுகிறேன்.

புரோக்கர் கணக்கு இப்படிப் போகும்: "சீசன்ல ஒரு நாளைக்கு எட்டாயிரம் சார். மாசம் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். வருஷத்துக்கு நீங்களே பெருக்கிக்குங்க." பெருக்கினால் 28 லட்சத்து 80 ஆயிரம். மயக்கம் வரும். வரட்டும், தண்ணீர் தெளித்துக்கொண்டு காலண்டரை எடுங்கள்.

வெள்ளி, சனி ராத்திரிகள் வருஷத்துக்கு 104. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடும் வாரங்களையும், பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும் பிப்ரவரி, மார்ச்சையும் கழித்தால் என் நோட்டில் எழுபதுதான் நின்றது. கோடை விடுமுறையில் வார நாட்கள் ஒரு முப்பது. பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் சேர்த்து ஒரு பதினைந்து. ஆக 115 ராத்திரி. வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எட்டாயிரம் கிடைப்பது அந்த முப்பதில் சில நாட்கள்தான். சராசரி 4,500 என்று வையுங்கள். 5 லட்சத்து 17 ஆயிரத்து 500. புரோக்கர் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

அந்த முப்பதும் இனி நம் கையில் மட்டும் இல்லை. 2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ். 2025 கோடையில் உயர் நீதிமன்றம் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பு கட்டியது. மலை மூச்சு விட வேண்டாமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை; ஆறு மணி நேரம் நெரிசலில் நின்ற வண்டிக்குள் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் வீடு வாங்கக் கணக்குப் போடுகிறவர் இதையும் போட வேண்டும். முன்பதிவு செய்தவரிடம் இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று இரண்டு நாள் முன்பே கேட்கச் சொல்லி என் ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எடுக்காதவர் கீழே சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு என்னிடம்தான் பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

செலவுப் பக்கம் அடுத்த வாரம். ஆள் சம்பளம், கமிஷன், ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் வரும், இந்தத் தடவை நிச்சயம். நோட்டில் செலவின் முதல் வரி பெட்ஷீட். கட்டிலுக்கு மூன்று செட்: ஒன்று விரிப்பில், ஒன்று அலமாரியில், ஒன்று கொடியில். போன கார்த்திகையில் கொடியில் போட்டது காய நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் குரங்கு எடுத்துக்கொண்டு போயிற்று.